நடுக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: நெல்லைச் சீமைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். நடுக்குவாதம் (டாக்டர்கள் பார்க்கின்சன் என்பது இதைத்தான்), தள்ளாட்டம் என்று மூளை தேய்ந்து வரும் வியாதிக்காரர்களுக்கு நடை பழக்குவதுதான் என் வேலையில் பாதி. அம்பாசமுத்திரம், முக்கூடல், மேலப்பாளையம், சங்கரன்கோவில் என்று வீடுகளுக்குப் போகும்போது, சமீப காலமாக எல்லோரும் கேட்பது ஸ்டெம் செல்லைப் பற்றித்தான். யாரோ ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். வயலை விற்கலாமா என்பதுவரை பேச்சு போய்விடும். எங்கள் தாய்மாமா வீட்டில் விற்றேவிட்டார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்படிதான் நடக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் மாற்றிவிடாதீர்கள்.

பார்க்கின்சன் வந்தால் மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

நடு மூளையில் கறுப்பாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கேயுள்ள நரம்பு செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் செய்து, மூளையின் உள்ளே இன்னொரு இடத்துக்குத் தங்கள் நீண்ட இழைகள் வழியாக அனுப்புகின்றன. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வயலுக்குத் தண்ணீர் போவது போல. கை கால் அசைவு நாம் நினைத்தபடி சரளமாக வருவதற்கு இந்தப் பாய்ச்சல் வேண்டும். பார்க்கின்சனில் அந்தக் கறுப்புப் பகுதி செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் திரண்டு செல்லுக்குள் கட்டியாகத் தங்குவது இதில் பெரிய பங்கு வகிக்கிறது. நடுக்கமோ மந்தமோ வெளியே தெரிய வரும்போது அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதியாவது போயிருக்கும்.

1817 இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் முதலில் விரிவாக எழுதி வைத்ததால் அவர் பெயரே நோய்க்கு வந்தது. ஓய்வாக வைத்திருக்கும் கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உரசி உரசி ஓடும் நடுக்கத்தை, மாத்திரை உருட்டுவது போல என்று மருத்துவப் பாடத்தில் சொல்வார்கள். எங்கள் பக்கம் அதைப் பார்த்தவுடன் பீடி சுற்றுவதுதான் நினைவுக்கு வரும். முக்கூடல் பக்கம் ஒரு அத்தை, நாற்பது வருசம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர், வேலையை நிறுத்திய பிறகும் கை சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள். பழக்கதோஷம் என்று ஒன்றரை வருசம் விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே ஒரு அடையாளம் இருந்தது. பீடியின் தலையை மடக்குவது அவருக்கு வரவில்லை. ஆயிரம் சுற்றும் கை நானூறில் நின்றது. அந்த மந்தம்தான் நோயின் முதல் பேச்சு. நடுக்கம் பிறகுதான் வந்தது.

கை நடுங்கினாலே பார்க்கின்சனா?

இல்லை. இதை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். தலைசுற்றலுக்குத் தரும் சினரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், சில மனநல மருந்துகள் ஆகியவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டால் அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே வரும். மருத்துவர் பார்த்து அந்த மருந்தை விலக்கினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். இளம் வயதில் நடுக்கம் வந்தால் உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோயா என்று பார்க்க வேண்டும், அதற்கு மருந்து உண்டு. ஸ்டெம் செல் பற்றி யோசிக்கும் முன் பழைய மருந்துச் சீட்டு அத்தனையையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஸ்டெம் செல் என்றால் என்ன? ஒரே வகைதானா?

குருத்தணு என்று தமிழில் எழுதுகிறார்கள். தென்னங்குருத்து ஓலையாக விரிவது போல, பிற செல்களாக மாறக்கூடிய இளம் செல். ஆனால் எல்லாக் குருத்தும் எல்லாமாகவும் மாறாது. குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் செல் ஒரு வகை. அது எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறும். டோபமைன் சுரக்கும் நரம்பு செல்லாக மாறி மூளையில் போய் உட்காராது. கருவிலிருந்து வளர்த்தெடுக்கும் செல் இன்னொரு வகை, அது எந்த செல்லாகவும் மாறும். மூன்றாவது, பெரியவர்களின் தோல் செல்லையோ ரத்த செல்லையோ ஆய்வகத்தில் பின்னோக்கித் திருப்பி மறுபடியும் குருத்தாக்குவது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006 இல் எலியிலும் 2007 இல் மனித செல்லிலும் இதைச் செய்து காட்டினார், 2012 இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர்.

பார்க்கின்சனுக்கு நம்பிக்கை தரும் ஆய்வுகள் இரண்டாவது வகை அல்லது மூன்றாவது வகைச் செல்லை வைத்துச் செய்தவை. நம் ஊர் விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் முதல் வகை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

உண்மையிலேயே யாருக்காவது பலித்திருக்கிறதா?

பலிக்கும் என்று நம்ப இடம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கும் சந்தோசம்தான்.

கதை 1987 இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் தொடங்குகிறது. கருக்கலைப்பில் கிடைத்த கருவின் மூளைத் திசுவை எடுத்து நோயாளிகளின் மூளைக்குள் வைத்தார்கள். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நல்ல பலன் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 40 பேரை வைத்து, பாதிப் பேருக்குச் செல் வைக்காமல் வெறும் பாசாங்கு அறுவை மட்டும் செய்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2001 இல் வெளிவந்தபோது, எதிர்பார்த்த முன்னேற்றம் மொத்தத்தில் நிரூபணமாகவில்லை. சிலருக்கு மாத்திரை இல்லாமலே கை கால் தானாக முறுக்கி ஆடும் தொல்லை புதிதாக வந்தது. வைத்த செல்கள் சிலவற்றுக்குள்ளும் பத்தாண்டுக்கு மேல் கழித்து அதே புரதக் கட்டி வந்திருந்ததை 2008 இல் கண்டார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் கைவிட்டார்கள். கைவிடாதவர்கள், செல்லை ஆய்வகத்திலேயே சுத்தமாக, ஒரே தரமாக வளர்ப்பதில் இருபது வருசத்தைப் போட்டார்கள்.

அதன் பலன் 2025 ஏப்ரலில் இரண்டு ஆய்வு முடிவுகளாக ஒரே நாளில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஒன்று கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் டகஹாஷி குழுவினர் செய்தது. 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 7 பேர். ஆரோக்கியமான ஒருவரின் ரத்த செல்லிலிருந்து செய்த ஐ.பி.எஸ். செல்லை, டோபமைன் செல்லாகும் பாதை வரை வளர்த்து, மூளையின் இரு பக்கமும் வைத்தார்கள். இரண்டு வருசம் பார்த்ததில் கட்டி எதுவும் வரவில்லை. பலன் அளந்த 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை வேலை செய்யாத நேரத்து அசைவு மேம்பட்டிருந்தது. இன்னொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு, கருவழிக் குருத்தணுவிலிருந்து வளர்த்த செல்லை வைத்தது. பதினெட்டு மாதத்தில் அதிக அளவு செல் வைத்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம்.

ஏழும் பன்னிரண்டும் சேர்ந்தால் பத்தொன்பது பேர். முதல் படி பாதுகாப்பைப் பார்ப்பதற்கு, அதற்கு இந்த எண்ணிக்கை போதும். பலன் உண்டா என்று அடித்துச் சொல்ல, பாசாங்கு அறுவையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வு வேண்டும். அமெரிக்காவில் அது 2025 இல் தொடங்கியது. அதே வருசம் ஜப்பானில் ஒரு மருந்து நிறுவனம் தங்கள் செல்லுக்கு அரசு ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்தது.

இதில் உங்கள் மனதில் நிறுத்த வேண்டிய காட்சி ஒன்று உண்டு. மண்டையோட்டில் சிறு துளை போட்டு, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறித்து, மெல்லிய ஊசியை அந்த இடத்துக்கே இறக்கி வைக்கிறார்கள். பிறகு ஒரு வருசத்துக்காவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. காலையில் போட்டுக்கொண்டு மாலையில் பஸ் ஏறும் விசயம் இது இல்லை.

அப்படியானால் நகரத்து கிளினிக்கில் முதுகில் போடுகிற ஊசி?

எங்கள் மாமாவுக்குப் போட்டது அதுதான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள், மிஷினில் சுற்றினார்கள், முதுகுத்தண்டில் ஏற்றினார்கள். மூன்று தடவை. மூன்று லட்சத்துக்கு மேல். ஆற்றுப்பாசன வயலில் எட்டு மரக்கால் விதைப்பாட்டை விற்ற பணம். எந்த ஊர், எந்த கிளினிக் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் கொடுத்த காகிதத்தில் என்ன செல், எத்தனை செல் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் ஊசி போட்டு வந்த மறுநாள் என்னைப் பார்த்து, "ஏட்டி, ஊசி போட்டாச்சுல்லா, இனிமே ஆத்துக்கு நானே நடந்து போயிருவேன்" என்றார். உண்மையிலேயே இரண்டு மாதம் நன்றாக நடந்தார். குறுக்குத்துறை ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். மூன்றாம் மாதம் பழையபடி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. அத்தை இன்றுவரை அந்த வயல் பக்கம் போவதில்லை.

அந்த இரண்டு மாதம் நன்றாக இருந்ததே, அது பொய்யா?

பொய் இல்லை. மாமா நடித்ததும் இல்லை. குணமாகப் போகிறோம் என்ற நம்பிக்கை வந்தாலே பார்க்கின்சன்காரர்களின் மூளை மிச்சமிருக்கும் செல்களிலிருந்து கூடுதல் டோபமைனை விடுகிறது. வெறும் உப்புநீர் ஊசியைப் போட்டு ஸ்கேனில் பார்த்து 2001 இல் இதை உறுதி செய்தார்கள். அதிகம் செலவழித்தால் நம்பிக்கையும் அதிகமாகிறது. வீடியோவில் எழுந்து நடப்பவர்களில் பலர் இந்த இரண்டு மாதத்தில் இருப்பவர்கள். ஆறாம் மாதத்து வீடியோவை யாரும் எடுப்பதில்லை. ஆய்வில் பாசாங்கு அறுவை வைப்பது ஏன் என்று இப்போது புரியும்.

சொந்த உடம்பிலிருந்து எடுப்பதுதானே, கெடுதல் என்ன வந்துவிடும்?

முதுகுத்தண்டில் ஊசி போடும் எந்தக் காரியத்திலும் கிருமித் தொற்று, ரத்தக்கசிவு, தலைவலி வரலாம். செல்லை வெளியே எடுத்துக் கையாளும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் அந்த ஆபத்து கூடும்.

பிறர் செல்லாக இருந்தால் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. பரம்பரைத் தள்ளாட்ட நோயோடு பிறந்த ஓர் இஸ்ரேல் சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களை ஏற்றினார்கள். நான்கு வருசம் கழித்து மூளையிலும் முதுகுத்தண்டிலும் கட்டி. அந்தக் கட்டி அவனுடைய செல்லே இல்லை, தானம் கொடுத்தவர்களுடையது. 2009 இல் இது வெளியானது. பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாட்டில் ஊசி போட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கருக்கு முதுகுத்தண்டில் பிறர் செல்கள் கட்டி போலத் திரளாக வளர்ந்ததை 2016 இல் எழுதினார்கள்.

ஒருமுறை உள்ளே போன செல்லை வெளியே எடுக்க முடியாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தலாம், இதை நிறுத்த வழியில்லை.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017 இல் தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை மட்டுமே வழக்கமான சிகிச்சை. மற்ற எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் என்பது ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. பார்க்கின்சன் இந்த இரண்டாவது வகை.

ஆகவே யாராவது லட்சம் கேட்டால் அந்த ஒரு விசயமே உங்களுக்குப் பதில். முறையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணைக் கேளுங்கள். எந்த செல், எங்கே வளர்த்தது, உடம்பில் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு எது, ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நம்பிக்கை வைங்க" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்க அப்பாவுக்கு 76 வயசு. ஆய்வில் சேர்க்க முடியுமா?

கடினம். கியோட்டோவில் 69 வயதுதான் மேல் எல்லை என்று பார்த்தோம். மறதி நோய் தொடங்கியவர்களையும், வேறு பெரிய வியாதி இருப்பவர்களையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. இதைச் சொல்லும்போது மகன்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. செல் பிடித்து வளர்ந்தாலும் அது டோபமைனைத்தான் கொடுக்கும். மலச்சிக்கல், மறதி, தூக்கத்தில் கத்துவது, விழுங்கும்போது புரையேறுவது ஆகியவற்றில் பெரும்பகுதி டோபமைன் குறைவால் மட்டும் வருபவை அல்ல.

தள்ளாட்ட நோய், ஹண்டிங்டன் நோய்க்கும் இதே சிகிச்சையா?

இல்லை. தள்ளாட்டத்தில் தேய்வது சிறுமூளை. ஹண்டிங்டன் என்பது கை கால் தானாக ஆடும் பரம்பரை நோய், அதில் தேய்வது மூளையின் உள்ளே வேறு பகுதி. அங்கே வேண்டியவை வேறு செல்கள், வேறு இணைப்புகள். பார்க்கின்சனில் அசைவுக் கோளாறுக்குப் பெரும்பாலும் ஒரே வகை செல், ஒரே வேதிப்பொருள்தான் காரணம் என்பதால்தான் ஆராய்ச்சி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. "எல்லா மூளை வியாதிக்கும் ஒரே ஊசி" என்று பலகை வைத்திருந்தால் உள்ளே போக வேண்டாம்.

மகளுக்குப் பிரசவம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் தாத்தாவுக்கு உதவுமா?

உதவாது. அந்த ரத்தத்தில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் குருத்தணு. தனக்கென்று தனியாரிடம் காசு கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் பரிந்துரைக்கவில்லை.

பூனைக்காலி விதை சாப்பிடலாமா?

பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா, பூனைக்காலி விதையில் உண்மையிலேயே இருக்கிறது. நம் நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாக இருக்கும் மூலிகை. ஆனால் எந்த விதையில் எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது. சின்டோபா என்ற லெவோடோபா மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே விதைப் பொடியையும் சேர்த்தால் அளவு மிஞ்சி, கை கால் முறுக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அப்படியென்றால் இன்றைக்கு என்னதான் செய்வது?

நிறைய இருக்கிறது.

லெவோடோபா 1960களில் வந்தது, இன்றும் அதுதான் முதுகெலும்பு. அதைச் சாப்பிடும் நேரத்தில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். புரதம் இந்த மருந்தோடு போட்டி போடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் எடுத்தால் நன்றாக ஏறும். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சொதியும் சோறும் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, "மாத்திரை வேலை செய்யல" என்று அடுத்த நாள் போன் செய்கிறார்கள். சொதியில் பாசிப்பருப்பு இருக்கிறது, அதுவும் புரதம்தான். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளி விடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகும். ஊசி போடும் முன் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கிளினிக்குகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மாத்திரை கேட்கிறது, ஆனால் அது வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, ஏறும்போது உடம்பு ஆடுகிறது என்பவர்களுக்கு மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை இருக்கிறது. டி.பி.எஸ். என்பார்கள். பிரான்சில் 1987 இல் தொடங்கி உலகம் முழுக்கச் செய்வது. குணமாக்காது, ஆனால் நிரூபணமான சிகிச்சை. லட்சங்கள் செலவழிக்கத்தான் போகிறோம் என்றால், முதலில் இதற்குப் பொருத்தமானவரா என்று கேளுங்கள்.

எங்கே காட்டுவது?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். அசைவு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் நமக்கு ரயிலில் போய்விடும் தூரம். நடக்க முடியாமல் படுத்துவிட்டவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வீட்டில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். என்ன செய்ய?

பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். பார்க்கின்சனில் தானாக வரும் நடைதான் கெட்டுப்போகிறது. கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தாலோ காதுக்கு ஒரு தாளம் கிடைத்தாலோ மூளை வேறு வழியாகக் காலை எடுக்கும்.

மாமாவுக்கு அடுக்களை வாசற்படியில்தான் ஒட்டும். ஒருநாள் நான் சாக்பீஸை எடுத்து வாசற்படிக்கு முன்னும் பின்னும், ஓர் எட்டுக்கு ஒன்றாக, ஆறு குறுக்குக் கோடு போட்டேன். "கோட்டைத் தாண்டுங்க மாமா" என்றேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். வலது கால் எழும்பி முதல் கோட்டைத் தாண்டியது. அடுத்தது, அடுத்தது என்று ஆறையும் தாண்டி அடுக்களைக்குள் போய், சட்டுவத்தோடு நின்ற அத்தையின் முன்னால் நின்றார். இப்போது அத்தை தினமும் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து, அந்த ஆறு கோட்டையும் திரும்பப் போடுகிறார்.